பப்புவா நியூ கினி போகிறீர்களா? கொசுவிலிருந்து தொடங்குங்கள்

பப்புவா நியூ கினியில் வேலை என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் முதலில் கேட்பது கொள்ளையையும் இனக்குழுச் சண்டையையும் பற்றித்தான். அந்தப் பயம் பொய்யில்லை, அதற்குக் கீழே இடம் ஒதுக்கியிருக்கிறேன். ஆனால் அங்கே போகிற நம்மவர்களைப் பெரும்பாலும் படுக்கையில் தள்ளுவது கொசுவும் தண்ணீரும். படுத்தபின் மருத்துவரிடம் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பது அதைவிடப் பெரிய சிக்கல். தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து இரண்டாவது பெரிய நகரமான லேவுக்குச் சாலை கிடையாது. மவுண்ட் ஹாகனுக்கும் கிடையாது. விமானம்தான். பத்தாயிரம் பேருக்கு ஒரு மருத்துவர்கூட இல்லாத நாடு அது. அதனால் கிளம்புமுன் செய்கிற ஒவ்வொரு வேலையின்போதும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உதவி வந்துசேர இரண்டு நாளானால் அதுவரை என் கையில் என்ன இருக்கும்?

இப்படி எழுதுவதால் போகவே கூடாத ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆசிரியர், கணக்காளர், கடை மேலாளர், பொறியாளர் என்று நம்மவர்கள் அங்கே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். மேற்கு நியூ பிரிட்டன் மாகாணத்துக்கு 2012 இல் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சசீந்திரன் முத்துவேல் சிவகாசியில் பிறந்தவர். தயாராகிப் போனால் நன்றாக இருந்துவிட்டு வரலாம்.

முதல் படி: எந்த ஊர், எவ்வளவு உயரம்

"பப்புவா நியூ கினி" என்று மட்டும் சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போகாதீர்கள். கடலோரமா, மலைநாடா, தீவா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். வேலை கொடுப்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: தங்கப்போகும் ஊரின் பெயர், அருகிலுள்ள மருத்துவமனை, அங்கே போக வண்டி யாருடையது, இரவில் ஓட்டுநர் கிடைப்பாரா, வீட்டு ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்திருக்கிறதா, அவசரத்தில் விமானத்தில் வெளியே கொண்டுபோக முடிவெடுப்பவர் யார். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

உயரம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. மலைநாட்டில் குளிராக இருக்கும், மலேரியா வராது என்பார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டருக்கு மேலே போனால்தான் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. கொரோகாவும் மவுண்ட் ஹாகனும் அதற்குக் கீழே உள்ள ஊர்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே மலேரியாவும் வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: ஊசிகள்

புறப்படும் தேதிக்கு எட்டு வாரம் முன்பாவது மருத்துவரைப் பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி ஊசியை வழக்கமான முறையில் போட்டு முடிக்க ஆறு மாதமாகும். அவசரமென்றால் 0, 7, 21 என்ற நாள் கணக்கில் விரைவாகப் போட வழி உண்டு, கேளுங்கள். ஹெபடைட்டிஸ் ஏ, டைஃபாய்டு இரண்டும் அவசியம். டெட்டனஸ் பூஸ்டர் போட்டு எத்தனை வருடம் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் போட்டுக்கொள்ளுங்கள். தட்டம்மை ஊசி போட்டதற்குச் சான்று இல்லாதவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கிராமப்புறத்தில் மாதக்கணக்கில் தங்குபவர்கள் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி பற்றிப் பேச வேண்டும்.

போலியோ என்றால் சிரிப்பார்கள், அதெல்லாம் குழந்தைகளுக்குத்தானே என்று. பப்புவா நியூ கினியில் 2018 இல் போலியோ பரவியது. 2025 இல் லே நகரில் வைரஸ் மீண்டும் கண்டறியப்பட்டது. பெரியவர்களும் ஒரு பூஸ்டர் போட்டுக்கொண்டு சான்றை வைத்திருப்பது நல்லது.

மஞ்சள் காய்ச்சல் ஊசி ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் போகிறவர்களுக்கானது. இந்தியாவிலிருந்து சிங்கப்பூர் வழியாக நேரே போகிறவர்களுக்குத் தேவையில்லை. வழியில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டில் தங்கிவிட்டுப் போகிறவர்களிடம் மட்டும் சான்று கேட்பார்கள்.

ஊசிக்குப் போகிற கையோடு பல் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். சொத்தைப் பல் வலியோடு அடுத்த விமானத்துக்காகக் காத்திருப்பது கொடுமை.

மூன்றாம் படி: மலேரியா

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மேற்கு பசிபிக் வட்டாரத்தில் வரும் மலேரியாவில் பெரும்பகுதி இந்த ஒரு நாட்டில்தான் வருகிறது. உயிரைச் சீக்கிரம் பறிக்கிற ஃபால்சிபாரம் வகையும் உண்டு, ஈரலில் பதுங்கிக் கிடந்து மாதங்கள் கழித்து மறுபடி எழுகிற வைவாக்ஸ் வகையும் உண்டு. தாழ்நிலத்தில் ஆண்டு முழுக்கப் பரவும். "நான் இந்தியாவில் வளர்ந்தவன், எனக்கு ஒன்றும் ஆகாது" என்பது வெறும் வாய்ப்பேச்சு. சென்னையில் கடித்த கொசுக்கள் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தந்துவிடவில்லை.

தடுப்பு மாத்திரைகள் மூன்று வழக்கத்தில் உள்ளன. டாக்சிசைக்ளின் மலிவானது, நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும். போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, தினமும் சாப்பிட்டு, திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். அந்த நான்கு வாரத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், ஊருக்கு வந்தாயிற்றே என்று. சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் சட்டென்று கன்றிப்போகும். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது. இரண்டாவது, அட்டோவாகோன் - புரோகுவானில் கூட்டு மாத்திரை. பக்கவிளைவு குறைவு, திரும்பியபின் ஏழு நாள் சாப்பிட்டால் போதும். ஆனால் விலை அதிகம், எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது. மூன்றாவதான மெஃப்ளோகுவின் வாரம் ஒன்று, இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். வலிப்பு, மனநலப் பிரச்சினை இருந்தவர்கள் தொடவே கூடாது. எது உங்களுக்கு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிறவர்கள் பலர் கொஞ்ச நாளில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சரி, நடைமுறை அதுதான். அப்படியென்றால் அதற்கு மாற்று என்ன என்பதைப் போகும்முன்பே மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். மருந்தூட்டிய கொசுவலைக்குள் தூக்கம், மாலையில் முழுக்கை முழுக்கால் உடை, கையிருப்பில் மலேரியா பரிசோதனைக் கிட், மருத்துவர் எழுதிக் கொடுத்த சிகிச்சை மருந்து. மலேரியாக் கொசு பொழுது சாய்ந்தது முதல் விடியும் வரை கடிக்கும். பகலில் கடிப்பது டெங்குக் கொசு, அதுவும் அங்கே உண்டு. கொசு விரட்டி வாங்கும்போது வாசனையைப் பார்க்காமல் டப்பாவின் பின்புறத்தைப் பாருங்கள்: டீட் அல்லது பிகாரிடின் 20 சதவீதமாவது இருக்க வேண்டும்.

கிளம்புமுன் ஜி6பிடி என்ற நொதியின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையைச் செய்து, முடிவை பாஸ்போர்ட்டோடு வையுங்கள். வைவாக்ஸ் ஈரலில் ஒளிந்திருப்பதை அழிக்க பிரைமாகுவின் கொடுப்பார்கள். இந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அந்த மருந்து ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மூலை முடுக்கில் இருக்கும் சிகிச்சை நிலையத்தில் இந்தப் பரிசோதனைக்கு வசதி இருக்காது.

அங்கே காய்ச்சல் வந்தால் "வெயில் சூடு" என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்து காய்ச்சலும் விடவில்லை என்றால் மறுநாளும் பாருங்கள். அங்கே வழக்கமாகக் கொடுப்பது ஆர்டிமெதர் - லுமெஃபான்ட்ரின், உள்ளூரில் மாலா ஒன் என்பார்கள். பால், வெண்ணெய் என்று கொழுப்புள்ள எதையாவது சாப்பிட்டு அதோடு விழுங்கினால்தான் உடம்பில் சரியாக ஏறும்.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கு ஒரே யோசனைதான்: பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

நான்காம் படி: காப்பீடும் ஆஸ்திரேலிய விசாவும்

போர்ட் மோர்ஸ்பியில் தனியார் மருத்துவமனைகள் உண்டு, ஓரளவு சமாளிப்பார்கள். தலையில் பலத்த அடி, மாரடைப்பு, மூளை மலேரியா என்று போனால் விமானத்தில் வெளிநாட்டுக்குத்தான் கொண்டுபோவார்கள். செலவு பல லட்சங்கள். ஆகவே பாலிசியில் "மருத்துவ விமான வெளியேற்றம்" இருக்கிறதா, எவ்வளவு தொகை வரை, முன்பணம் கேட்டால் நிறுவனம் நேரே கட்டுமா என்று பாருங்கள். கலவரம் சார்ந்த காயங்களை விலக்கி வைத்த பாலிசிகள் நிறைய. ஆழ்கடல் முக்குளிப்பு செய்பவர்கள் அதற்குத் தனிப் பாதுகாப்பு வாங்க வேண்டும்.

இதில் இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. அவசர விமானம் பொதுவாகப் போவது பக்கத்திலுள்ள ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸுக்கோ டவுன்ஸ்வில்லுக்கோ பிரிஸ்பேனுக்கோ. நமக்கு அங்கே விசா வேண்டும். நோயாளி ஸ்ட்ரெச்சரில் கிடக்கும்போது விசா விண்ணப்பம் நிரப்புவது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நீண்ட நாள் தங்கப்போகிறவர்கள், வசதியிருந்தால், ஆஸ்திரேலிய வருகை விசா ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடலாம். முடியாவிட்டால், அப்போது எங்கே அனுப்புவீர்கள், சிங்கப்பூருக்கா, விசா வேலையை யார் பார்ப்பார்கள் என்று காப்பீட்டு நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு பதிலை அச்செடுத்து வையுங்கள். உடன் வருபவருக்கும் இதே கேள்வி.

போர்ட் மோர்ஸ்பியில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. போய்ச் சேர்ந்ததும் பெயரையும் ஊரையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: மருந்துப் பெட்டி

தினமும் சாப்பிடும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைத் தங்கும் நாளுக்கு மேல் சில வாரத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் கைப்பையில். சிறு விமானங்களில் மழை, மேகம், எடை என்று பயணம் நாள்கணக்கில் தள்ளிப்போகும், பெட்டி வேறு விமானத்தில் வரும். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடாதீர்கள். மருந்துச்சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்கட்டும், நம் ஊர் பிராண்டுகள் அங்கே யாருக்கும் தெரியாது.

கூடவே ஓஆர்எஸ் பொட்டலங்கள் தாராளமாக, காய்ச்சல் மாத்திரை, தெர்மாமீட்டர், மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக், போவிடோன் அயோடின், கட்டுத்துணி. கடைசி இரண்டையும் அற்பமாக நினைக்காதீர்கள். அந்த ஈர வெப்பத்தில் சின்னக் கீறல், கொசுக்கடியைச் சொறிந்த இடம், பவளப்பாறையில் உரசிய கால் எல்லாம் இரண்டே நாளில் சீழ்ப்புண்ணாகும். அன்றன்றைக்குக் கழுவி, மருந்து போட்டு, மூடி வைக்க வேண்டும்.

அகலமான எலாஸ்டிக் கிரேப் பேண்டேஜ் குறைந்தது இரண்டு வையுங்கள். அது பாம்புக்கு. போர்ட் மோர்ஸ்பியைச் சுற்றிய தென் தாழ்நிலத்தில் பப்புவா டைப்பான் இருக்கிறது, டெத் ஆடர் என்ற கொடிய பாம்பு நாட்டின் பல பகுதிகளில் இருக்கிறது. இரண்டின் விஷமும் நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தும். இந்திய விஷமுறிவு மருந்து நம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்குமானது, அங்கே உதவாது. முதலுதவியும் வேறு: கடித்த கையையோ காலையோ முழுவதும் கிரேப் பேண்டேஜால் இறுக்கமாகச் சுற்றி, கட்டை வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காமலிருந்தால் பாதி ஆபத்து போய்விடும்.

எடுத்துப்போகக் கூடாத ஒன்றும் இருக்கிறது. தொலைதூர ஊர் என்பதால் சாட்டிலைட் போன் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். துராயா, இரிடியம் போன்களை அனுமதியில்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், விமான நிலையத்திலேயே கைதாகலாம். தேவையென்றால் அங்கே போய் நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள், திரும்பும்போது அங்கேயே விட்டுவிடுங்கள்.

கறிவேப்பிலை, விதைகள், பால் பொருட்கள் விஷயத்தில் அங்கே சோதனை கடுமை. எதுவானாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

ஆறாம் படி: தண்ணீர், சாப்பாடு, பாக்கு

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம், உயரமான மலைப்பகுதியில் மூன்று நிமிடம். மழைநீர்த் தொட்டித் தண்ணீருக்கும் இதே விதிதான். ஐஸ் வேண்டாம். கௌகௌ என்ற சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வாழையும் எங்கும் கிடைக்கும், சுடச்சுட அவித்தால் பயமில்லை. சைவர்கள் பருப்புக்குப் பெரிய ஊர்களின் கடைகளை நம்பலாம், கிராமத்தில் நம்ப முடியாது.

தெருவெங்கும் பாக்கு மெல்லுவார்கள், புவாய் என்று பெயர். வெற்றிலைக்குப் பதில் அந்தக் கொடியின் காயைச் சுண்ணாம்பில் தொட்டுக் கடிப்பார்கள். அன்போடு நீட்டுவார்கள், சிரித்தபடி மறுத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். வாய்ப்புற்றுநோய் அந்த நாட்டில் மிக அதிகம், நமக்கும் தெரிந்த கதைதான்.

ஏழாம் படி: வெளியே நடமாட்டம்

போர்ட் மோர்ஸ்பி, லே, மவுண்ட் ஹாகன் மூன்றிலும் இருட்டியபின் நடக்க வேண்டாம். விமான நிலையத்துக்கு விடுதியோ நிறுவனமோ வண்டி அனுப்புவதை உறுதிசெய்த பிறகே டிக்கெட் எடுங்கள். பிஎம்வி என்ற மினி பஸ்ஸை ஊர் பழகும்வரை தவிர்க்கலாம். காரில் கதவு பூட்டி, கண்ணாடி ஏற்றி இருக்கட்டும். பணம் எடுப்பது வணிக வளாகத்துக்குள் உள்ள இயந்திரத்தில் மட்டும். வழிமறித்தால் போனையும் பையையும் கொடுத்துவிடுங்கள், வீரம் காட்ட அது இடமில்லை. லேவிலிருந்து மலைநாட்டுக்கு ஏறும் நெடுஞ்சாலையில் பகலில் மட்டும், விவரமறிந்த உள்ளூர் ஓட்டுநரோடு. பெண்களுக்கெதிரான வன்முறை அங்கே பெரிய பிரச்சினை என்பதால், போகும் பெண்கள் தங்குமிடம், போக்குவரத்து இரண்டையும் பற்றி நிறுவனத்திடம் கூச்சமில்லாமல் கறாராகப் பேச வேண்டும்.

வண்டி ஓட்டி யாரையாவது இடித்துவிட்டால் நம் ஊரில் இறங்கி உதவச் சொல்வோம். அங்கே கூட்டம் கூடி அந்த இடத்திலேயே பழிதீர்க்கும் அபாயம் உண்டு. நேரே அடுத்த காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லும்படிதான் அறிவுரை. கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் அப்படித்தான்.

நிலைமை ஒரே நாளில் மாறும். 2024 ஜனவரி 10 அன்று சம்பளப் பிடித்தம் தொடர்பாகக் காவலர்கள் வேலையை நிறுத்தியதும் போர்ட் மோர்ஸ்பியில் கடைகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன, உயிர்களும் போயின, இரண்டு வாரம் அவசரநிலை இருந்தது. கடைத் தொழிலில் போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். வீட்டில் ஒரு வாரத்துக்கு அரிசி, தண்ணீர், கொஞ்சம் ரொக்கம் எப்போதும் இருக்கட்டும். தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, 2022 தேர்தலில் வன்முறை நடந்தது, அடுத்தது 2027. அந்த மாதங்களில் மலைநாட்டுப் பயணம் வேண்டாம். எங்கா, ஹெலா மாகாணங்களில் இனக்குழுச் சண்டை எப்போது வேண்டுமானாலும் மூளும், வேலையில்லாமல் போகாதீர்கள்.

நிலம் கிட்டத்தட்ட எல்லாமே குலங்களுக்குச் சொந்தம். ஆற்றில் குளிப்பதற்கும் படம் எடுப்பதற்கும்கூட ஊர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியாக விடுவார்கள், கூடவே வந்து பாதுகாப்பும் கொடுப்பார்கள்.

டோக் பிசின் மொழியில் நாலு வாக்கியம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஹவுஸ் சிக் என்றால் மருத்துவமனை. காய்ச்சலுக்கு "ஸ்கின் பிலாங் மி இ ஹாட்". வயிற்றுப்போக்குக்கு "பெக்பெக் வாரா". பாம்பு கடித்துவிட்டால் "ஸ்நெக் இ கைகைம் மி".

எட்டாம் படி: கடலும் பூமியும்

தீவுகளுக்குப் போக பனானா போட் என்ற திறந்த ஃபைபர் படகுதான். லைஃப் ஜாக்கெட் அதில் இருக்கும் என்று நம்ப வேண்டாம், சொந்தமாக ஒன்று வாங்குங்கள். மதியத்துக்குமேல் கடல் முரடாகும் இடங்கள் உண்டு, காலையிலேயே கிளம்புங்கள். ஆற்று முகத்திலும் சதுப்பிலும் உப்புநீர் முதலை இருக்கும். ஊர்ப் பிள்ளைகள் இறங்காத தண்ணீரில் நீங்களும் இறங்காதீர்கள்.

1998 ஜூலை 17 அன்று வட கரையில் ஐட்டாப்பே அருகே நிலநடுக்கம் வந்த கொஞ்ச நேரத்தில் சுனாமி அடித்து 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 2004 ஐப் பார்த்த நமக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் நமக்கு அன்று நிலநடுக்கம் தொலைவில், அங்கே அது காலடியில். கடலோரத்தில் பலமாகவோ நீண்ட நேரமோ ஆடினால் சைரனுக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஓடுங்கள். ரபாவுல் நகரை 1994 இல் எரிமலைச் சாம்பல் மூடியபோது உயிரிழப்பு குறைவாக இருந்ததற்குக் காரணம், மக்கள் ஒத்திகை பார்த்து வைத்திருந்து உடனே வெளியேறியதுதான். நீங்கள் தங்கும் இடத்தில் ஏறவேண்டிய மேடு எது என்று முதல் வாரத்திலேயே நடந்து பார்த்துவிடுங்கள்.

திரும்பி வந்த பிறகு

ஒரு வருடம்வரை எந்தக் காய்ச்சல் வந்தாலும் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக, "நான் பப்புவா நியூ கினியில் இருந்தேன்" என்று சொல்லுங்கள். நம் ஊரில் வைவாக்ஸுக்கு வழக்கமாகக் கொடுக்கும் குளோரோகுவின் அந்த நாட்டு வைவாக்ஸிடம் தோற்கும். அங்கிருந்து அது முதன்முதலில் தெரியவந்தது 1989 இல். நீங்கள் சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அந்தச் சந்தேகமே வராது. ஜி6பிடி முடிவையும் கையோடு கொண்டுபோங்கள், பிரைமாகுவின் கொடுக்கலாமா என்று அப்போதே தீர்மானித்துவிடலாம். இரண்டு வாரத்துக்குமேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்யுங்கள். ரத்ததானம் செய்யப் போனால் அங்கேயும் எங்கே இருந்துவிட்டு வந்தீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.